துண்டக்காவின் இருபது நிமிடம்

என் சின்ன மகள் போகும் குழந்தைகள் காப்பகத்தில் துண்டக்காவின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். வருகைப் பதிவேட்டில் இருக்கும். ஆனால் கூப்பிடுவது எல்லாரும் துண்டக்கா என்றுதான். அவரைவிட எட்டு வயது மூத்த சமையல்காரம்மா உட்பட. இடது தோளில் எந்நேரமும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். ஒழுகும் மூக்கு, கொட்டிய பால், பாதி மென்று துப்பிய பிஸ்கட் எல்லாமே அந்தத் துண்டைத் தேடித்தான் வரும். ஒரு நாளைக்கு ஆறேழு துண்டு மாறும், தோள் மாறாது.

நடைபழகும் அறை அவருடையது. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுவரை பதினொரு பிள்ளைகள். பதினெட்டு வருடமாக அதே அறை. போன வருடம்வரை, காலையில் தோட்டத்துக்குப் போகும் நேரத்தில் கதவிலுள்ள வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரு முழங்கால் தரையில், மற்ற முழங்காலின் மேல் ஒரு சின்னக் கால். காலணி ஏறும், பட்டை ஒட்டும், மழைக்கோட்டுக்குள் இரண்டு கையும் போகும், ஜிப் கழுத்துவரை வரும், பிள்ளை அந்தப் பக்கம் நகரும், அடுத்த கால் வந்து உட்காரும். பதினொரு பிள்ளையும் வரிசையில் நிற்க ஆறே நிமிடம். மற்ற அறைகளில் இரண்டு பேர் சேர்ந்தாலும் கால் மணி நேரம் ஆகும்.

நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற ரகம். மற்ற அம்மாக்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அழுகிறாளா, யாராவது தள்ளிவிட்டார்களா, யாரிடமாவது பேசுகிறாளா என்று மூன்று தடவை பார்த்தால்தான் கால் நகரும். சொந்த ஊரை விட்டு வந்து குடியிருக்கிறவர்களுக்கு இது சேர்ந்தே வருகிறது என்று என் கணவர் சொல்வார். அவருக்கு வரவில்லை.

போன வருடத் தொடக்கத்தில் ஒருநாள் தடுப்பூசி அட்டையைக் கொடுக்கப் பொறுப்பாளரின் அறைக்குப் போயிருந்தேன். துண்டக்கா முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பொறுப்பாளர் பேச்சை நிறுத்தவில்லை.

"இது என் கையில இல்லக்கா. அடுத்த வருஷத்துலேர்ந்து மூணு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க ரூம்ல நிக்கணும்னா, பள்ளிக்கூடத்துல குழந்தை வளர்ச்சிப் பாடம் பாஸ் பண்ணியிருக்கணும். புது விதி."

"பாஸ் பண்ணலன்னா?"

"துவைக்கிற ரூம். சம்பளம் ஒரு பைசா குறையாது."

"அங்க யாரு இருப்பா?"

"ரெண்டு மெஷின் இருக்கும்."

"அதுங்க அழுமா?"

பொறுப்பாளர் சிரிக்கவில்லை. துண்டக்காவும் சிரிக்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து, சுத்தமாகவே இருந்த மேசையின் ஓரத்தை ஒரு தடவை துடைத்துவிட்டு வெளியே போனார். அவர் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று பொறுப்பாளர் பிறகு என்னிடம் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் மேல்நிலைப் பள்ளி. குழந்தை வளர்ச்சி அங்கே பத்தாம் வகுப்பில் ஒரு விருப்பப் பாடம். வெளியாட்களும் உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதலாம். செவ்வாயும் வியாழனும் மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வகுப்பு. துண்டக்கா தூங்கவைத்துவிட்டு, சமையல்காரம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருவைக் கடந்து போவார், எழுப்புவதற்குள் திரும்பி வருவார். அதே வகுப்பில்தான் என் மூத்த மகளும் இருந்தாள். பெரியவளுக்குப் பதினைந்து, சின்னவளுக்கு இரண்டு. இடைவெளியைக் கேட்கிறவர்கள் விரலால் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள், போடட்டும். பெரியவள் இந்தப் பாடத்தை எடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்.

"ஊதித் தள்ளிடலாம்மா. நான்தான் வீட்டுலேயே ஒண்ணை வளர்க்கிறேனே."

"நீ எங்கடி வளர்க்கிற? அவ பிஸ்கட்டத்தானே பிடுங்கித் திங்கிற."

"அதுவும் வளர்ச்சியில சேரும்."

வகுப்பில் நடந்ததெல்லாம் அவள் வழியாகத்தான் எனக்கு வந்தது. முதல் நாள் ஆசிரியை, குழந்தையைத் தூக்கும் முறையைக் காட்டுவதற்காக ஒரு ரப்பர் பொம்மையைக் கை மாற்றி விட்டிருக்கிறார். பிள்ளைகள் அதைக் காலைப் பிடித்தும் தலையைப் பிடித்தும் பின் பெஞ்சுவரை அனுப்பியிருக்கிறார்கள். துண்டக்காவின் கைக்கு வந்ததும் அவர் அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். ஆசிரியை அடுத்ததைச் சொல்லச் சொல்ல அவர் ஒரு கையால் எழுதிக்கொண்டே மறு கையால் பொம்மையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாராம். பக்கத்திலிருந்த பையன், "அக்கா, ஏப்பம் வந்துடுச்சா?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"எல்லாரும் சிரிச்சோம்மா. அவங்களும் சிரிச்சாங்க. ஆனா கீழ வைக்கல," என்றாள் பெரியவள்.

பாடம் அவருக்கு வேறு விதத்தில் கஷ்டமாக இருந்தது. பிடிமானம் இல்லாமல் குழந்தை எந்த மாதத்தில் உட்காரும் என்று ஆசிரியை கேட்டார்.

"எந்தப் பிள்ளை டீச்சர்?"

"எந்தப் பிள்ளைன்னு இல்ல. பொதுவா."

துண்டக்கா யோசித்தார். "பொதுவா ஒரு பிள்ளைய நான் பார்த்ததே இல்லையே."

வகுப்பு அதற்கும் சிரித்தது. ஆனால் முதல் மாதத் தேர்வில் அவருக்கு நூற்றுக்கு இருபத்தெட்டு. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, பொதுவான பிள்ளைக்கு எந்தெந்த மாதத்தில் என்னென்ன வரும் என்பதை ஒரு அட்டவணையாக எழுதிக் கொடுத்தாள். அட்டவணையில் இருப்பதுபோல் ஒரு பிள்ளை கிடைத்தால் தனக்கும் ஒன்று வேண்டும் என்று துண்டக்கா சொன்னாராம்.

மதிப்பெண்ணில் பாதி எழுத்துத் தேர்வுக்கு, பாதி கவனிப்புப் பதிவுக்கு. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு அறுபது வந்தால்தான் பாஸ். கவனிப்பு என்பது இதுதான்: ஐந்து வயதுக்குட்பட்ட ஒரே பிள்ளையை ஆறு தடவை, தடவைக்கு இருபது நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தாளின் இடப்பக்கத்தில் நிமிட வாரியாகக் கண்ணில் பட்டது, வலப்பக்கத்தில் அதைப் பற்றி நினைத்தது. பிள்ளையைத் தொடக் கூடாது, பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது. உதவி எதுவும் நடக்கவில்லை என்று பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தத் தம்பி தங்கையை எடுக்கக் கூடாது என்பதால் பெரியவள் பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் மாலை துண்டக்கா என்னை நிறுத்தினார். கையில் சம்மதப் படிவம்.

"சின்னவள எனக்குத் தருவீங்களா? இருபது நிமிஷத்துக்கு."

 சின்னவள் அப்போது ஒற்றைச் சொல்தான் பேசுவாள். பால். வா. வேணாம். இரண்டு சொல் சேர்ந்து வருவதில்லை. வீட்டில் நான் ஒரு மொழி, அவள் அப்பா இன்னொரு மொழி. அதனால்தான் குழம்பிப் போயிருக்கிறாள் என்று பாதிப் பேர், எல்லாம் சரியாகிவிடும் என்று மீதிப் பேர். இதை ஒருவர் நிமிட வாரியாக எழுதி, அது பள்ளிக்கூடம் போய், வெளியூர்த் தேர்வாளர் கைக்கும் போய்விட்டால் என்ன ஆகும் என்று தோன்றியது.

"ஏன் எங்க பிள்ளை?"

"அவ ஒண்ணும் பண்ண மாட்டேங்கிறாம்மா. செருப்பா, கோட்டா, எதுக்கும் கையையும் காலையும் நீட்டிக்கிட்டு நிக்கிறா ராணி மாதிரி. அவ எப்படித் தானா செய்யப் பழகுறான்னு எழுதலாம்னு."

சுருக்கென்றது. வீட்டிலும் அப்படித்தான் நிற்பாள், மாட்டிவிடுவது நான். படிவத்தை மூன்று தடவை படித்தேன். பிள்ளையின் பெயர் எங்கும் வராது என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். சாட்சியும் நானே என்று ஆனது, ஏனென்றால் காப்பகத்தில் வேறு யாருக்கும் காலை பத்து மணிக்குக் கை ஒழியாது. எனக்கு வேலை பதினொன்றுக்குத்தான்.

முதல் கவனிப்பு. மற்ற பத்துப் பிள்ளைகளும் பக்கத்து அறைக்காரர்களோடு தோட்டத்தில். காலணிகள் மாட்டும் சின்ன நடைக்கூடத்தில் இரண்டடி உயர நாற்காலிகளில் நானும் துண்டக்காவும். நடுவில் சின்னவள், எதிரே அவளுடைய காலணிகள். சுவரில் கடிகாரம். துண்டக்கா அட்டையில் தாளைச் செருகி மும்முரமாக எழுதினார். நான் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் முடிந்ததும் உதவி எதுவும் நடக்கவில்லை என்ற வரியின் கீழே மனதாரக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் ஆசிரியை எங்கள் இருவரையும் வரச் சொன்னார். முப்பது வயதிருக்கும். கோபமாக இல்லை, பென்சிலால் தாளில் ஒரு வரியைத் தொட்டார்.

"பத்து ஆறு. காலணி பிள்ளையோட வலது கையில இருக்கு. சரியா?"

"ஆமா டீச்சர்."

"பத்து ஏழு. காலணி கால்ல இருக்கு, பட்டையும் ஒட்டியிருக்கு. நடுவுல என்ன ஆச்சு?"

துண்டக்கா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கும் நினைவில்லை.

"காலணி தானா நடந்து வந்து ஏறிக்கிச்சா?" என்றார் ஆசிரியை.

"அவதான் போட்டிருப்பா."

"அப்படின்னா நீங்க எழுதியிருப்பீங்க. அதுக்கு முன்னாடி அவ மூக்கச் சொறிஞ்சதக்கூட எழுதியிருக்கீங்களே."

 துண்டக்கா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "நான்தான் மாட்டியிருக்கேன். சத்தியமா எனக்கே தெரியாது டீச்சர்."

நான் குனிந்துகொண்டேன். எதையும் மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவள், கண்முன்னால் நடந்ததைப் பார்க்காமல் போட்டிருக்கிறேன். ஒரு பெரியவர் குனிந்து பிள்ளைக்குச் செருப்பு மாட்டுவது எனக்கு நடந்த சங்கதியாகவே படவில்லை. முதல் தாள் செல்லாமல் போனது.

"இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவை பாருங்க. நல்ல தாள் ஆறு வந்தாப் போதும்," என்றார் ஆசிரியை.

இரண்டாவது கவனிப்பில் துண்டக்கா அட்டையை இடது கையாலும் பேனாவை வலது கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கை நகரவில்லை. ஆனால் சின்னவள் காலணியைத் திருப்பியபோது, "ம்" என்றார். கால் நுழைந்தபோது, "ம்ம், அப்படித்தான்". இந்த முறை நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு 'ம்'. எண்ணிச் சொன்னேன். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பதினொண்ணா? பிள்ளைக்கு ஒண்ணுன்னு கணக்கா வந்திருக்கு," என்றார்.

மூன்றாவது தடவை உட்காருவதற்கு முன் குழாயடிக்குப் போய் வந்தார். கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. வாய் நிறையத் தண்ணீர். இருபது நிமிடம் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. நடுவில் பொறுப்பாளர் வந்து, "அக்கா, அந்தச் சாவி எங்க?" என்று கேட்டார். துண்டக்கா பேனாவால் அலமாரியைக் காட்டினார். "பல் வலியா?" என்றார் பொறுப்பாளர். தலை இடவலமாக ஆடியது. பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்று கை இல்லை, வாய் இல்லை. கண் இருந்தது. சின்னவள் இரண்டு காலணியையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு துண்டக்காவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் எந்தக் காலணிக்குப் போனதோ அதைக் கீழே வைத்தாள். அடுத்ததற்கும் பார்த்தாள். கண் காட்டிய காலிலேயே மாட்டினாள். இவ்வளவு நாளும் என் பிள்ளை எதையும் கவனிப்பதில்லை என்று நினைத்திருந்தேன்.

ஆசிரியை அதையும் உதவிதான் என்றார். "கண்ணக் கட்டிக்கிட்டா கவனிப்பு எழுத முடியும் டீச்சர்?" என்று கேட்டது பெரியவள், வக்காலத்து வாங்கிக்கொண்டு. ஆசிரியை பதில் சொல்வதற்குள் துண்டக்காவே சொன்னார்: "பின்னாடி உக்காந்துக்கிறேன்."

அதன் பிறகு நாற்காலி சின்னவளின் முதுகுக்குப் பின்னால் போனது. என்னையும் அங்கேயே உட்கார வைத்தார், என் கண்ணும் பேசும் என்று. அப்படி எழுதிய முதல் தாள் இப்போதும் என்னிடம் நகலாக இருக்கிறது. ஆசிரியையிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"10.02. திரும்பிப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். 10.03. மீண்டும் திரும்பினாள். 10.04. திரும்பவில்லை. இடது காலணியை எடுத்தாள். வலது காலில் வைத்தாள். குதிகால் நுழையவில்லை. 10.07. காலணியைக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு மரக்கட்டை விழுந்தது. பார்த்தாள். மீண்டும் உள்ளே போட்டாள். 10.09. கட்டையை எடுத்தாள். தூர வைத்தாள். 10.12. பட்டையைத் திறந்து மூடினாள், ஆறு தடவை. சத்தத்தைக் கேட்கிறாள் போல. இல்லை, 'போல' என்பது வலப்பக்கத்துக்கு. 10.19. கால் உள்ளே போனது. தவறான கால்."

வலப்பக்கத்தில் ஐந்தே வரி. "நான் மாட்டினால் ஒன்பது நொடி. அவளுக்குப் பதினைந்து நிமிடம். இவ்வளவு நேரம் அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. பதினெட்டு வருடமாக எத்தனை பிள்ளைக்கு இந்தப் பதினைந்து நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை."

ஆசிரியை அந்தத் தாளை வகுப்பில் படித்துக் காட்டினாராம். யாருடையது என்று சொல்லவில்லை. துண்டக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார் என்றாள் பெரியவள். அவள் தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி எழுதிய 'மகிழ்ச்சியாக விளையாடினான்' என்ற வரியை நான்கு தடவை அடித்தாள். அவன் என்ன செய்தான் என்று அவளுக்கு நினைவில்லை.

அடுத்த தாளில்தான் எனக்கானது வந்தது. இடப்பக்கம், 10.08: "காலணியிடம் பேசுகிறாள். 'உள்ள போ.' மூன்று தடவை." நானும் அதே நடைக்கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முணுமுணுப்பாக மட்டுமே கேட்டது. துண்டக்காவுக்குச் சொல்லாகக் கேட்டிருக்கிறது. இரண்டு சொல். சேர்த்து. நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியிலேயே நின்றேன்.

"வீட்டுல பேசுறதில்லையா?" என்று கேட்டார்.

"பேசுறதுக்கு நாங்க எங்க இடம் விட்டோம்," என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

அதற்கடுத்த தாளில், மழைக்கோட்டு ஜிப்பிடம் அவள் பேசியது துண்டக்காவுக்குப் புரியவில்லை. ஆனாலும் காதில் விழுந்தபடியே எழுதி, பக்கத்தில் 'என்ன மொழி தெரியாது, அம்மாவைக் கேட்க வேண்டும்' என்று குறித்திருந்தார். படித்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்பா வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. மெதுவா, மெதுவா, இன்னும் கொஞ்சம். என் பிள்ளை குழம்பவில்லை. காலணிக்கு ஒரு மொழி, ஜிப்புக்கு ஒரு மொழி என்று பிரித்து வைத்திருந்தாள்.

ஐந்து நல்ல தாள் ஆயிற்று. ஆறாவது தாளுக்கான கவனிப்பு ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலை ஐந்து மணிக்குப் பதிவுகளை ஒப்படைக்க வேண்டும். நடுவில் காய்ச்சல் வந்து சின்னவள் ஒரு வாரம் போகவில்லை, அதனால்தான் கடைசி நாள்வரை தள்ளிப்போயிருந்தது. பொருள், மழைக்கோட்டு. பத்து மணிக்குத் தொடங்கியது. கை நுழைந்தது, இரண்டாவது கையும் நுழைந்தது. ஜிப்பின் அடிமுனையைப் பொருத்த ஒன்பது நிமிடம். பொருந்திவிட்டது. மேலே இழுக்கத் தொடங்கினாள், அவள் அப்பாவின் மெதுவா மெதுவாவோடு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முணுமுணுப்பு நின்றது. சரி, களைத்துவிட்டாள், இளைப்பாறட்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் மடக்கென்று ஒரு சத்தம். துண்டக்கா வாயிலிருந்த தண்ணீரை விழுங்கியிருந்தார். பேனாவை வைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து போய்ச் சின்னவளின் முன்னால் மண்டியிட்டார். ஜிப் தாடைக்குக் கீழே தோலைப் பிடித்திருந்தது. சின்னவள் அழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள். துண்டக்கா கீழ்த் துணியை இழுத்துப் பிடித்து, ஜிப்பை ஒரு பல் அளவு இறக்கினார். பிடி விட்டது. அப்புறம்தான் அழுகை வந்தது. துண்டு வேலைக்கு வந்தது.

பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. தாடையில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். ஆனால் அன்று முழுவதும் மழைக்கோட்டைப் பார்த்தாலே சின்னவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை உட்கார வழியில்லை.

மதிய இடைவேளைக்கு ஓடி வந்த பெரியவள் தாளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, மீதி ஆறு நிமிஷம் ஜிப்ப இழுத்துக்கிட்டு இருந்தான்னு எழுதிடுங்க. இல்லன்னா இந்தத் தாளுக்கு ஒண்ணுமே போட மாட்டாங்க. யாருக்குத் தெரியப் போகுது? அம்மா கையெழுத்துப் போட்டுடுவாங்க."

அவளைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. நான் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் தாடையைப் பார்த்தவருக்காக ஆறு நிமிடப் பொய் சொல்வது எனக்கு அந்த நேரத்தில் பெரிதாகப் படவில்லை. ஒரு தாள் போனாலும் போனதுதான். முதல் மாதம் வாங்கிய இருபத்தெட்டு எல்லாருக்கும் நினைவிருந்தது. தேறாவிட்டால் துவைக்கும் அறை.

துண்டக்கா கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"மொத தடவ செருப்ப மாட்டினேன்ல, அது எனக்கே தெரியாது. கை தானா போச்சு. இன்னைக்கு அப்படி இல்ல. பார்த்தேன், யோசிச்சேன், எந்திரிச்சேன். பதினெட்டு வருஷத்துல நான் தெரிஞ்சு பண்ணின மொத உதவி இதான். அத எழுதாம விட்டா, இத்தனை நாள் வாயில தண்ணிய வச்சுக்கிட்டு நான் என்னத்தப் படிச்சேன்?"

"மார்க் போயிடும்க்கா," என்றாள் பெரியவள். அவள் கண் கலங்கியிருந்தது.

"போகும்."

துடைத்த கையோடு உட்கார்ந்து எழுதினார். "10.13. பேச்சு நின்றது. கை ஜிப்பிலேயே இருக்கிறது, இழுக்கவில்லை. தோள் உயர்ந்தது. இறங்கவில்லை. 10.14. பேனாவை வைத்தேன். கவனிப்பு இத்துடன் முடிந்தது." வலப்பக்கத்தில்: "தானே செய்ய முயலும் பிள்ளை பேசும், நெளியும், கோபப்படும். இவள் இவை எதையும் செய்யவில்லை. அதனால் போனேன்." சாட்சி வரியில் 'உதவி எதுவும் நடக்கவில்லை' என்று அச்சடித்திருந்ததை அவரே அடித்துவிட்டு, 'நடந்தது' என்று எழுதி என்னிடம் நீட்டினார். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து மணிக்கு ஆசிரியை தாள்களை வாங்கிப் படித்தார். ஆறாவதை இரண்டு தடவை படித்தார்.

"இதுக்கு நான் மார்க் போட முடியாதுக்கா. விதி இருபது நிமிஷம்."

"தெரியும் டீச்சர்."

"எழுத்துத் தேர்வுல தூக்கணும்."

"தூக்குறேன்."

ஒரு மாதம் இருந்தது. பிள்ளைகள் தூங்கும் வேளையில், வகுப்பில்லாத நாட்களில், நடைபழகும் அறையின் மூலையில் பெரியவளின் அட்டவணையை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். உதடு அசையும். பொதுவான பிள்ளை ஆறு மாதத்தில் உட்காரும், பதினெட்டில் குவளையைப் பிடிக்கும். எதிரே பாயில் பதினொரு பிள்ளைகள், ஒன்றுகூட அட்டவணைப்படி இல்லாமல், தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "இந்தப் பொதுவான பிள்ளையையும் வளர்த்து ஆளாக்கிட்டேன்மா. பாவம், அதுக்குப் பேர்தான் இல்ல," என்றார்.

முடிவு வந்த அன்று பள்ளியின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு அவரும் நின்றார். நான் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றேன். பெரியவள்தான் கூட்டத்தில் புகுந்து பார்த்துவிட்டு வந்தாள். தன்னுடையதைச் சொல்லவில்லை, அவருடையதைச் சொன்னாள்.

"பாஸ் அக்கா. நாலு மார்க் தாண்டிட்டீங்க."

ஆறாவது தாளுக்குப் பூஜ்யம்தான் விழுந்திருந்தது. விதி விதிதான், வெளியூர்த் தேர்வாளர் அதில் கை வைக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு எழுபத்தொன்று. துண்டக்கா பலகையைப் போய்ப் பார்க்கவில்லை. "நாலு போதும். பிள்ளைங்க எந்திரிச்சிருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார்.

நானும் கூடப் போனேன். பொறுப்பாளர் வாசலிலேயே நின்றிருந்தார், செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது.

"அப்ப ரூம் உங்களுக்குத்தான்கா. புது வருஷத்துக்கு நேரப் பட்டியல் போடுறேன். எப்பவும் போலத்தானே? தோட்டத்துக்குக் கிளம்ப ஆறு நிமிஷம்?"

"முக்கால் மணி நேரம் போடுங்க."

பொறுப்பாளர் விளையாட்டு என்று நினைத்தார். "முக்கால் மணி நேரமா? அதுக்குள்ள பிள்ளைங்க வளர்ந்து பெரிய பள்ளிக்கூடத்துக்கே போயிடுவாங்க."

"போகட்டும்," என்றார் துண்டக்கா. "அவங்களே செருப்ப மாட்டிக்கிட்டுப் போகட்டும்."

பொறுப்பாளர் நாற்பது என்று எழுதினார். மற்ற அறைக்காரர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். பிள்ளைகள் பாதிப் பேர் இடம் மாறிய காலணிகளோடுதான் தோட்டத்துக்கு வருகிறார்கள். மாலையில் கூட்டிப்போக வரும் நாங்கள் வாசலில் வரிசையாக நிற்கிறோம், குடைகளோடு, கடிகாரத்தைப் பார்த்தபடி. உள்ளே நடைக்கூடத்தில் பதினொரு பேர் தங்கள் தங்கள் காலணியிடம் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கிறது.